காளையின் வயிற்றில் ஒரு மனிதர்!

இங்கிலாந்தில் ஒரு புல்வெளி. அதன் நடுவில் ஒரு காளை மாடு நிற்கிறது.

காலையிலிருந்து அதே இடத்தில்தான் நிற்கிறது. புல் மேயவில்லை. வாலை ஆட்டவில்லை. ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தாலும் தலையைச் சிலுப்பவில்லை.

காளைக்கு முன்னால், சில அடி தூரத்தில், புல்லுக்கு நடுவே ஒரு சிறு பறவையின் கூடு இருக்கிறது. தாய்ப் பறவை பறந்து வந்து இறங்குகிறது. காளையை ஒரு தடவை பார்க்கிறது. மாடுதானே என்று நினைத்ததோ என்னவோ, பயமில்லாமல் கூட்டில் போய் உட்காருகிறது.

"கிளிக்!"

காளையின் மார்புக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வருகிறது!

ஆம். அது உயிருள்ள காளை அல்ல. தோல் மட்டுமே நிஜம். உள்ளே வெறும் சட்டம். அதன் வயிற்றுக்குள் ஒரு மனிதர் கூனிக் குறுகி நிற்கிறார். அவருக்கு முன்னால் ஒரு காமிரா. வெயில் ஏற ஏற, அந்தத் தோலுக்குள் அவர் வெந்து கொண்டிருக்கிறார்.

அவர் பெயர் ரிச்சர்டு கியர்ட்டன். இது 1900-ம் ஆண்டுக் கதை. பறவைகளையும் விலங்குகளையும் அவை வாழும் இடத்திலேயே போட்டோ பிடிக்க வேண்டும் என்று கிளம்பிய முதல் சிலரில், அவரும் அவருடைய தம்பி செர்ரியும் முக்கியமானவர்கள்.

இன்று ஏரிக் கரையிலும் காட்டு ஓரத்திலும் முழ நீளக் குழாய் வைத்த காமிராவைத் தூக்கிக் கொண்டு போகிறவர்களைப் பார்க்கிறோம். "இவர்களுக்கு என்ன கவலை? பட்டனை அழுத்தினால் படம் விழுகிறது" என்று நினைக்கிறோம். அவர்கள் படுகிற பாடும், அவர்கள் மனதில் இருக்கிற கவலையும் என்ன என்று தெரிய வேண்டுமானால் கியர்ட்டன் சகோதரர்களின் கதையைக் கேட்க வேண்டும். கருவி மாறிவிட்டது. பாடும் கவலையும் அவ்வளவாக மாறவில்லை.

மரத்திலிருந்து விழுந்த பையன்

இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயர் என்று ஒரு பகுதி. அங்கே ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கில் த்வைட் என்று ஒரு சின்னஞ்சிறு கிராமம். கல்லால் கட்டிய வீடுகள். சுற்றிலும் குன்றுகள். குன்று முழுவதும் ஆடுகள். அந்தக் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்கள் இந்தச் சகோதரர்கள். அண்ணன் ரிச்சர்டு 1862-ல் பிறந்தார். தம்பி செர்ரி 1871-ல் பிறந்தார். இருவருக்கும் 9 வயது வித்தியாசம்.

கிராமத்துப் பையன்கள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மரம் ஏறுவார்கள், கூட்டைத் தேடுவார்கள். ரிச்சர்டும் சிறு வயதில் ஒரு பறவைக் கூட்டுக்காக மரத்தில் ஏறினார். பிடி தவறியது. கீழே விழுந்தார். இடுப்பு எலும்பு பிசகியது. வைத்தியம் சரியாக அமையவில்லை. எலும்பு கோணலாகக் கூடியது. ஒரு கால் குட்டையாகிவிட்டது. அன்று முதல் சாகும் வரை அவர் விந்தி விந்தித்தான் நடந்தார்.

ஒரு பறவைக் கூடு அவருடைய காலை வாங்கிக் கொண்டது. வேறு ஒருவராக இருந்தால் பறவை இருக்கும் பக்கமே தலை வைத்துப் படுத்திருக்க மாட்டார். ரிச்சர்டுக்கோ பறவைப் பித்து இன்னும் அதிகமாயிற்று. ஓட முடியாத பையன் உட்கார்ந்து கவனிக்கப் பழகினான். எந்தப் பறவை எங்கே முட்டையிடும், எப்போது குஞ்சு பொரிக்கும், எந்தக் குரலுக்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம் ஆயிற்று.

வேலை வாங்கிக் கொடுத்த குரல்

அந்தக் குன்றுகளில் 'கிரௌஸ்' என்று ஒரு பறவை உண்டு. பார்க்க நம் ஊர்க் கௌதாரி போல இருக்கும். அதைச் சுட்டு வீழ்த்துவதற்காக ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் லண்டன் சீமான்கள் துப்பாக்கியோடு வருவார்கள். அப்படி வந்தவர்களில் சிட்னி கால்பின் என்பவரும் ஒருவர். அவர் 'கேசல்' என்ற பெரிய புத்தகக் கம்பெனியைச் சேர்ந்தவர்.

ரிச்சர்டு, கிரௌஸ் பறவையைப் போலவே குரல் கொடுத்தார். பறவைகள் ஏமாந்து அருகில் வந்தன. கால்பின் அசந்து போனார். இந்தப் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. லண்டனில் தம் கம்பெனியிலேயே வேலை தருவதாகச் சொன்னார். 1882-ல் ரிச்சர்டு லண்டனுக்குப் புறப்பட்டார். பறவையைப் போலக் கத்தி உத்தியோகம் வாங்கியவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்!

1887-ல் தகப்பனார் காலமானார். தம்பி செர்ரியும் அண்ணனிடம் வந்து சேர்ந்தார். அதே கம்பெனியில் அவருக்கும் வேலை கிடைத்தது. குன்றிலும் ஓடையிலும் திரிந்த இருவரும், புகை மண்டிய லண்டனில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். உடம்பு லண்டனில் இருந்தது. மனம் வேலியோரத்தில் இருந்தது. ஓய்வு கிடைத்தால் போதும், ஊருக்கு வெளியே வயல் பக்கம் கிளம்பிவிடுவார்கள்.

முட்டைப் பைத்தியம்

அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பொழுதுபோக்கு பெரிதும் பரவியிருந்தது. பறவை முட்டை சேகரிப்பது! நம் பிள்ளைகள் தபால் தலை சேர்ப்பதுபோல அங்கே சிறுவர்கள் முட்டை சேர்த்தார்கள். சிறுவர்கள் மட்டுமா? பாதிரிமார், டாக்டர்கள், பிரபுக்கள் எல்லோரும் சேர்த்தார்கள். முட்டையில் சிறு துளை போடுவார்கள். உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றுவார்கள். வெறும் ஓட்டைப் பஞ்சின் மேல் வைத்து, இழுப்பறையில் வரிசையாக அடுக்குவார்கள்.

எந்தப் பறவை அபூர்வமோ அதன் முட்டைக்கு மதிப்பு அதிகம். ஆகவே அழியப் போகும் பறவைக்குத்தான் ஆபத்து அதிகம். 'கிரேட் ஆக்' என்ற பறக்க முடியாத கடல் பறவை 1844-க்குப் பிறகு உயிரோடு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அதன் வெற்று முட்டை ஓடுகள் லண்டனில் நூற்றுக்கணக்கான பவுன் விலைக்கு ஏலம் போயின!

இந்த முட்டைப் பைத்தியத்தின் நடுவில்தான் அந்த ஏப்ரல் மாதம் வந்தது.

முதல் படம்

1892-ம் ஆண்டு ஏப்ரல். லண்டனுக்கு வடக்கே ஒரு கிராமப்புறம். சகோதரர்கள் நடந்து போய்க் கொண்டிருந்தார்கள். புதருக்குள் ஒரு திரஷ் பறவையின் கூட்டை ரிச்சர்டு பார்த்தார்.

திரஷ் என்பது நம் மைனா அளவுள்ள பறவை. மார்பு முழுவதும் புள்ளி. வெகு இனிமையாகப் பாடும். அதன் கூடு ஓர் அதிசயம். புல்லால் பின்னி, உட்புறத்தில் சேறு பூசி, அகப்பைச் சிரட்டைபோல வழவழப்பாக மெழுகி வைத்திருக்கும். அதற்குள் வான நீல நிறத்தில் கறுப்புப் புள்ளி வைத்த முட்டைகள். கண்ணுக்கு விருந்து!

செர்ரியிடம் ஒரு காமிரா இருந்தது. விலை உயர்ந்தது அல்ல. அந்தக் கூட்டைப் படம் பிடிக்கும்படி அண்ணன் சொன்னார். தம்பி பிடித்தார்.

முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டை, இருந்த இடத்தில் இருந்தபடியே எடுத்த முதல் நல்ல போட்டோ அதுதான் என்று சொல்கிறார்கள். படத்தைப் பார்த்த ரிச்சர்டுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த நாட்டுப் பறவைகளின் கூடுகளை எல்லாம் இப்படியே படம் பிடித்து ஒரு புத்தகம் போட்டால் என்ன?

யோசனை எளிது. காரியம் எளிதல்ல. ஒரு பறவை மர உச்சியில் கட்டும். ஒன்று பொந்தில். ஒன்று சேற்றில். ஒன்று கடலோரச் செங்குத்துப் பாறையில். மாதச் சம்பளக்காரர்கள் இரண்டு பேர், ஓய்வு நாளையும் விடுமுறையையும் வைத்துக் கொண்டு இதைச் செய்யக் கிளம்பினார்கள். மூன்றே ஆண்டில், 1895-ல், புத்தகம் வந்தது. பிரிட்டிஷ் பறவைகளின் கூடுகளைப் பற்றிய அந்தப் புத்தகத்தில் கையால் வரைந்த சித்திரம் இல்லை. எல்லாம் நேரில் எடுத்த போட்டோக்கள். அப்படி ஒரு இயற்கைப் புத்தகம் அதற்கு முன் வந்ததில்லை.

முட்டையைத் திருடாமலே முட்டையை வீட்டுக்குக் கொண்டு போகலாம் என்று ஜனங்களுக்கு அது காட்டியது.

கண்ணாடிச் சுமை

அன்றைய காமிராவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் பட்ட சிரமம் விளங்காது.

இன்றைய கைபேசியில் ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுக்கலாம். அன்று ஒரு படத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு வேண்டும். அவர்கள் பயன்படுத்திய தகடு ஏறக்குறைய 16 சென்டிமீட்டர் நீளம், 12 சென்டிமீட்டர் அகலம். அதன் மேல் வெளிச்சம் பட்டால் மாறும் மருந்து பூசியிருக்கும். கல்லில் தட்டினால் உடையும். வெளிச்சம் பட்டால் பாழ். பத்துப் படம் வேண்டுமென்றால் பத்துக் கண்ணாடி சுமக்க வேண்டும். கூடவே மரக் காமிரா, முக்காலி, கறுப்புத் துணி.

காமிராவின் பின்புறம் தேய்த்த கண்ணாடி ஒன்று இருக்கும். தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போட்டுக் கொண்டு அதில் பார்த்தால், கூடு தலைகீழாகத் தெரியும். அது தெளிவாகத் தெரியும்படி திருகிச் சரி செய்ய வேண்டும். பிறகு அந்த இடத்தில் தகடு உள்ள பெட்டியைச் செருக வேண்டும். செருகிவிட்டால் காமிரா வழியாக எதுவும் தெரியாது! பறவை வந்ததா, திரும்பி உட்கார்ந்ததா என்பதை வேறு துளை வழியாகத்தான் பார்க்க வேண்டும். அமுக்கினால் ஒரே படம். அந்த 'கிளிக்' சத்தத்தில் பறவை பறந்து போய்விடும். அது திரும்பி வர அரை மணி ஆகலாம். ஒரு மணியும் ஆகலாம்.

தூரத்திலிருந்து பெரிதாக்கி எடுக்கும் வசதியும் அன்று சரிவர இல்லை. சிறு பறவை படத்தில் தெரிய வேண்டுமென்றால் காமிரா சில அடி தூரத்தில் இருக்க வேண்டும். எந்தக் காட்டுப் பறவை மனிதனைச் சில அடிக்குள் விடும்?

கூடு உயரத்தில் இருந்தால் இன்னொரு கூத்து. முக்காலியின் கால்களில் நீண்ட கழிகளைக் கட்டி உயர்த்துவார்கள். அண்ணன் கீழே நிற்பார். தம்பி அவர் தோளில் ஏறி நின்று காமிராவைச் சரி செய்வார். ஒரு கால் குட்டையான மனிதரின் தோள் மேல் தம்பி. தம்பியின் கையில் கண்ணாடி! கழைக்கூத்தாடிகள் தோற்றார்கள். அவர்கள் அப்படி நிற்கும் படமும் அவர்கள் புத்தகத்திலேயே இருக்கிறது.

மரமும் மாடும்

கூட்டைப் படம் பிடித்தாயிற்று. இனிக் கூட்டுக்கு வரும் பறவையைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒளிந்து கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு பொய் மரம் செய்தார்கள். மூங்கில் சட்டம், அதன் மேல் கம்பி வலை, அதற்கு மேல் துணி. மரப்பட்டை போல வர்ணம். மேலே கொடியும் பாசியும். உள்ளே ரிச்சர்டு. பொய்ப் பாறை ஒன்றும் செய்தார்கள். தோலுக்குள் பஞ்சு அடைத்த ஆடு ஒன்றும் தயாராயிற்று. ஆட்டுக்குள் ஆள் நுழைய முடியாது. ஆகவே காமிராவை மட்டும் ஆட்டுக்குள் வைத்து, அதிலிருந்து நீண்ட ரப்பர் குழாயை இழுத்துக் கொண்டு போய்த் தூரத்தில் பதுங்குவார்கள். குழாயின் முனையில் ஒரு ரப்பர் உருண்டை. அதை அமுக்கினால் காற்று போய்க் காமிராவை இயக்கும். மோட்டார் ஹாரனை அமுக்குவதுபோலத்தான்.

ஆனால் வெட்டவெளிப் புல்தரையில் கூடு கட்டும் பறவைகள் உண்டு. வானம்பாடி அப்படித்தான். அங்கே திடீரென்று ஒரு மரம் முளைத்தால் பறவை நம்புமா? புல்வெளியில் பறவைக்குப் பழக்கமானது மாடுதான். மாடு அருகில் வந்தால் பறவை பயப்படுவதில்லை. மாட்டை மறைவாக வைத்துக் கொண்டு பறவையை நெருங்குவது வேடர்களின் பழைய தந்திரம். ரிச்சர்டு ஒரு படி மேலே போனார். மாட்டுக்குப் பின்னால் ஒளியவில்லை, மாட்டுக்குள்ளேயே ஒளிந்தார்.

கசாப்புக் கடையிலிருந்து ஒரு காளைத் தோல் வாங்கப்பட்டது. லண்டனில் செத்த விலங்குகளைப் பதப்படுத்தி நிறுத்தி வைப்பதில் பேர் போனவர் ரோலண்டு வார்டு. ராஜாக்கள் சுட்ட சிங்கமும் புலியும் அவர் கடைக்கு வரும். அங்கே இந்தக் காளை தயாராயிற்று. உள்ளே பஞ்சு கிடையாது, காலி. வயிற்றில் ஆள் நுழைய வழி. மார்பில் காமிராக் கண்ணுக்கு ஒரு துளை.

உபாயம் பலித்தது. பறவைகள் ஏமாந்தன. ஆனால் உள்ளே இருந்தவர் பாடு?

நிமிர முடியாது. உட்கார முடியாது. ஊனமான கால் மரத்துப் போகும். மூச்சுத் திணறும். ஒரு நாள் வெகு நேரம் அப்படிக் குனிந்து நின்ற ரிச்சர்டுக்குத் தலை சுற்றியது. மயங்கிவிட்டார். அவர் சாய்ந்ததும் காளையும் சாய்ந்தது. குப்புற அல்ல, மல்லாக்க! நான்கு காலும் வானத்தைப் பார்க்க, காளை கிடந்தது. வயிற்றுக்குள் மாட்டிக் கொண்ட மனிதர் வெளியே வர வழியில்லாமல் கிடந்தார். தம்பி வந்து பார்த்த பிறகுதான் விடுதலை.

படிக்கும் நமக்குச் சிரிப்பு வருகிறது. தம்பி வர இன்னும் தாமதமாகியிருந்தால் சிரிக்கும் கதையாக இருந்திராது.

கயிற்றில் தொங்கியவர்

அண்ணனுக்கு ஒளிவது வேலை என்றால், தம்பிக்குத் தொங்குவது வேலை.

பல கடல் பறவைகள் செங்குத்துப் பாறைகளில்தான் முட்டையிடும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கீழிருந்து ஏற முடியாது. ஆகவே கயிற்றில் இறங்க வேண்டும். செர்ரி காமிராவை முதுகில் கட்டிக் கொண்டு இறங்குவார். கீழே நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் கடல் கொந்தளிக்கும். மேலே கயிறு உரசினால் கற்கள் பெயர்ந்து தலையில் விழும். காற்று அடித்தால் ஆளே பம்பரமாகச் சுற்றுவார். இந்த நிலையில் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடித் தகட்டை மாற்றிப் படம் எடுக்க வேண்டும்!

1896-ல் இருவரும் செயிண்ட் கில்டா தீவுக்குப் போனார்கள். ஸ்காத்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் சமுத்திரத்தில் தன்னந்தனியாகக் கிடக்கும் தீவு அது. அங்கே வசித்த ஜனங்களுக்குக் கடல் பறவைதான் சோறு. அதன் இறைச்சியைச் சாப்பிட்டார்கள். எண்ணெயை விளக்குக்கு எரித்தார்கள். இறகைக் கொடுத்து வாடகை கட்டினார்கள். ஆண்கள் கயிற்றைப் பிடித்துக் கொண்டு பாறையில் பல்லி போல இறங்கினார்கள். சகோதரர்கள் பறவைகளோடு அந்த மனிதர்களையும் படம் பிடித்தார்கள். 1930-ல் அங்கே மீதியிருந்த 36 பேரும் தீவைக் காலி செய்து கொண்டு போய்விட்டார்கள். அந்த வாழ்க்கை இன்று படத்தில்தான் இருக்கிறது.

1898-ல் ரிச்சர்டு துணிந்து கம்பெனி வேலையை விட்டார். நிலையான சம்பளம் போயிற்று. இனிப் புத்தகமும் பிரசங்கமும்தான் வருமானம். ஊர் ஊராகப் போனார். விளக்கு வெளிச்சத்தில் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, பறவைகளைப் பற்றிப் பேசினார். குடும்பம் குடும்பமாக வந்து கேட்டார்கள். சினிமா இன்னும் பரவாத காலம். கூட்டில் குஞ்சு வாயைத் திறந்து கொண்டிருப்பதைத் திரையில் பார்த்த பிள்ளைகள் எப்படி வாயைத் திறந்திருப்பார்கள் என்று நாமே ஊகித்துக் கொள்ளலாம்.

பறவைக்குக் கணக்குத் தெரியாது!

காளை மாட்டை அதிகம் பேர் பின்பற்றவில்லை. அது நியாயம்தான். பிற்காலத்தில் பறவைப் படக்காரர்கள் சிறு துணிக் கூடாரத்தில் ஒளிந்து கொண்டார்கள். அதிலும் ஒரு தொல்லை. ஆள் கூடாரத்துக்குள் நுழைவதைப் பறவை பார்த்துவிட்டால் கிட்ட வராது.

இதற்கு வேடிக்கையான ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து கூடாரத்துக்குள் போவார்கள். சற்று நேரம் கழித்து ஒருவர் மட்டும் வெளியே வந்து, பறவை பார்க்கும்படி நடந்து போய்விடுவார். பெரும்பாலான பறவைகளுக்கு இரண்டில் ஒன்று போனால் மீதி ஒன்று என்ற கணக்கு வருவதில்லை. ஆள் போய்விட்டான் என்று நம்பிக் கூட்டுக்கு வந்துவிடும்!

உள்ளே இருப்பவரின் நாள் எப்படிக் கழியும்? விடியும் முன்பே போய் உட்கார வேண்டும். இரும முடியாது. கொசு கடித்தால் அடிக்க முடியாது. ஐந்து மணி நேரம் உட்கார்ந்தால் பறவை ஐந்து நிமிடம் வரும். அந்த ஐந்து நிமிடத்தில் மேகம் சூரியனை மறைத்தால் அன்றைய நாள் அவ்வளவுதான். வீட்டில் கேட்பார்கள், என்ன எடுத்தாய் என்று. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு மறுநாள் விடியும் முன் மறுபடி கிளம்ப வேண்டும். இந்தத் தொழிலில் வீட்டார் பொறுமைக்கும் பங்கு உண்டு.

ஆபத்தும் உண்டு. எரிக் ஹாஸ்கிங் என்ற ஆங்கிலேயப் படக்காரர் 1937-ல் ஓர் ஆந்தையைப் படம் பிடிக்கப் போனார். இருட்டில், கூடாரத்தை நெருங்கினார். குஞ்சுகளைக் காக்கும் ஆந்தை சத்தமே இல்லாமல் பாய்ந்தது. நகம் கண்ணில் இறங்கியது. ஒரு கண் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 28-கூட ஆகவில்லை. அவர் ஆந்தையின் மேல் கோபப்படவில்லை. தொழிலையும் விடவில்லை. மிச்சமிருந்த ஒரு கண்ணோடு மேலும் ஐம்பது ஆண்டு பறவைகளைப் படம் பிடித்தார்.

படமா? குஞ்சா?

பசி, குளிர், ஆபத்து எல்லாம் படம் பிடிப்பவரின் பாடு. அவருடைய கவலை வேறு.

கூடு பல சமயம் இலை மறைவில் இருக்கும். மறைவில் இருந்தால் படம் விழாது; வெளிச்சம் போதாது. ஆகவே படக்காரர் கிளையை விலக்குகிறார். இலை விலகியதும் வெயில் உள்ளே வருகிறது. இறகு முளைக்காத குஞ்சு அந்த வெயிலைத் தாங்காது. காக்கைக்கும் கூடு தெரிந்துவிடுகிறது. மனிதன் நடந்த தடத்தை மோப்பம் பிடித்துக் கொண்டு நரியோ பூனையோ வரலாம். இவை எதுவும் நடக்காவிட்டாலும், தாய்ப் பறவை பயந்து வெகு நேரம் வராமல் இருந்தால் குளிர் தேசத்தில் முட்டை ஆறிவிடும். ஆறின முட்டை பொரிக்காது.

முட்டையைத் திருடியவன் அழித்த அதே கூட்டை, படம் எடுக்க வந்தவனும் அழிக்கலாம். அவன் முட்டையைத் தொடவே வேண்டாம். அருகில் நின்றாலே போதும்!

இதனால்தான் நல்ல படக்காரர்கள் தங்களுக்கென்று சில கட்டுப்பாடுகளை வைத்துக் கொண்டார்கள். கிளையை வெட்டக் கூடாது. நூலால் கட்டி ஒதுக்கி, படம் எடுத்ததும் அவிழ்த்து மறுபடி மூடிவிட வேண்டும். கூடாரத்தை முதல் நாளே கூட்டருகே போடக் கூடாது. தூரத்தில் போட்டு, நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தி, பறவையைப் பழக்க வேண்டும். பறவை வரத் தயங்கினால், எத்தனை மணி காத்திருந்தாலும் சரி, படத்தை விட்டுவிட்டு எழுந்து வர வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் கடினம். விடியலிலிருந்து பட்டினி கிடந்தவனை எழுந்து போகச் சொல்வது லேசா?

எல்லோரும் எழுந்து வரவில்லை. அதனால் சட்டம் வந்தது. 1954-ல் பிரிட்டனில் காட்டுப் பறவைகளின் முட்டை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. முட்டைப் பைத்தியத்துக்கு அது பெரிய அடி. அதற்குப் பிறகு வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. குறிப்பிட்ட சில அபூர்வப் பறவைகளைக் கூட்டில் தொந்தரவு செய்வதே குற்றம் ஆயிற்று. அவற்றைக் கூட்டருகே படம் பிடிக்க வேண்டுமானால் லைசென்சு வேண்டும்.

இந்தியாவிலும் இயற்கைப் படப் போட்டி நடத்துகிறவர்களில் சிலர், கூட்டில் எடுத்த படத்தை வாங்குவதே இல்லை. படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவிடுகிறார்கள். பரிசு கொடுத்தால் அடுத்த ஆண்டு பத்துப் பேர் கூட்டைத் தேடிப் போவார்கள் என்பது அவர்கள் பயம்.

யோசித்துப் பார்த்தால் இது விசித்திரம்தான். இந்தத் தொழில் பிறந்ததே ஒரு கூட்டின் படத்தில். அந்தப் படம் எத்தனையோ பிள்ளைகளை முட்டை திருடுவதிலிருந்து திருப்பியிருக்கும். இன்று காமிரா இல்லாத கை இல்லை. அன்று ஒருவர் போன புதருக்கு இன்று நூறு பேர் போனால் திரஷ் பறவை எங்கே போகும்? கியர்ட்டன் சகோதரர்கள் இன்று இருந்தால் எந்தப் பக்கம் பேசியிருப்பார்கள்? பறவையின் பக்கம் பேசியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த முதல் படத்தை எடுக்காமல் இருந்திருப்பார்களா என்றால், அது சந்தேகம்தான்!

சிங்கமும் பென்குவினும்

தம்பி செர்ரிக்கு இங்கிலாந்து போதவில்லை. சினிமா காமிராவைத் தூக்கிக் கொண்டு ஆப்பிரிக்கா போனார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ரூஸ்வெல்ட் 1909-ல் அங்கே வேட்டைக்கு வந்தபோது அவரைப் படம் பிடித்தார். பலரும் துப்பாக்கியோடு போன காட்டில், சிங்கத்தைப் படம் எடுக்கக் காமிராவோடு போனவர் செர்ரி. பிறகு தென்னாப்பிரிக்கா பக்கத்தில் பென்குவின் பறவைகள் லட்சக்கணக்கில் வாழ்ந்த ஒரு தீவில் தங்கி, அவற்றைப் பற்றி எழுதிய புத்தகம் 1930-ல் வெளிவந்தது. பிள்ளைகள் அதை விரும்பிப் படித்தார்கள்.

அண்ணன் ரிச்சர்டு 1928-ல் காலமானார்.

1940-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி. லண்டன் மேல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டுக் கொண்டிருந்த நாட்கள். 69 வயதான செர்ரி அன்று பி.பி.சி. ரேடியோ நிலையத்துக்குப் போனார். குழந்தைகள் நிகழ்ச்சியில் பேசினார். பேசி முடித்து வெளியே வந்தார். அந்தக் கட்டடத்துக்கு வெளியிலேயே அவர் உயிர் பிரிந்தது.

த்வைட் கிராமத்துக்குப் பக்கத்தில் மியூக்கர் என்று ஓர் ஊர் இருக்கிறது. சகோதரர்கள் இருவரும் படித்த பள்ளிக்கூடம் அங்கேதான். அந்தப் பழைய கல் கட்டடத்தின் சுவரில் இரண்டு நினைவுப் பலகைகள் பதித்திருக்கிறார்கள். ஒன்று அண்ணனுக்கு. ஒன்று தம்பிக்கு.